ஜுபைதா கால்வாயும் ஜுபைதா பாதையும் ஒன்றல்ல

பள்ளிவாசல் ஆண்டுமலருக்கான கட்டுரையில், அப்பாசியக் கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் மனைவி ஜுபைதா, இராக்கின் கூஃபாவிலிருந்து மக்கா வரை கால்வாய் வெட்டினார் என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். அவ்வாறு எழுத வேண்டாம். இரு வேறு பணிகள் அதில் கலந்துவிட்டன.

கூஃபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் 'தர்ப் ஜுபைதா' ஒரு சாலை. அதன் வழிநெடுக இருந்தவை கிணறுகளும், எப்போதோ பெய்யும் மழையின் வெள்ளத்தைப் பிடித்து வைக்கும் குளங்களுமே. அச்சாலையில் உள்ள ரபதாவில் இன்றும் காணப்படும் வட்டக் குளத்தை ஒட்டி ஒரு தனித் தொட்டி இருக்கிறது. பாய்ந்து வரும் நீர் முதலில் அதில் தங்கி, வண்டலை இறக்கிவிட்டு, தெளிந்த பிறகே குளத்துக்குள் செல்லும்.

கால்வாய், அதாவது 'ஐன் ஜுபைதா', மக்காவின் சுற்றுப்புறத்தைச் சேர்ந்தது. ஹுனைன் பக்கத்து நீர் மக்காவுக்கும், நஃமான் பள்ளத்தாக்கின் நீர் ஹஜ் பயணிகள் கூடும் அரஃபாத்துக்கும் கொண்டுவரப்பட்டன. ஜுபைதா மறைந்தது 831இல்; பின்வந்த நூற்றாண்டுகளில் கால்வாய் பலமுறை தூர்ந்து, பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. இவற்றுள் பெரியது, சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமாவின் பொருளுதவியால் 16ஆம் நூற்றாண்டில் நடந்த உதுமானியப் பணி. அரஃபாத் நீரை மக்காவுக்குள் கொண்டுவரக் குறுக்கே நின்ற பாறையின்மேல் விறகைக் குவித்து எரித்து, அது நெகிழ்ந்த பிறகு சிறிது சிறிதாக வெட்டினார்கள். என் கருத்தில், உங்கள் கட்டுரையில் ஒரு முழுப் பத்தி பெறத் தகுந்த செய்தி இது. 'ஒரு வெட்டுக்கு ஒரு தினார் ஆனாலும் தருவேன்' என்று ஜுபைதா கூறியதாக வழங்கும் சொல்லையும் சேர்க்கலாம். 'என்பர்' என்று முடித்துக்கொள்ளுங்கள்.