நாயின் காயத்துக்கு வீட்டுத் தேனைத் தடவலாமா?

முன்காலில் தோல் உரிந்த நாய்க்குச் சமையலறைத் தேனைத் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேன் காயத்தை ஆற்ற உதவும் என்பது உண்மைதான். அதில் தண்ணீர் சுமார் 18 சதவீதம்தான்; மீதி பெரும்பாலும் சர்க்கரை. அதனால் காயத்திலிருந்து நீரை இழுத்து வீக்கத்தைக் குறைக்கும், கிருமிகளையும் வற்ற வைக்கும். காயத்தின் ஈரம் பட்டதும், தேனீ சேர்த்த ஒரு நொதி கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். நியூசிலாந்தின் மனுகா தேனில் மெத்தில்கிளையாக்சல் என்ற பொருளும் கூடுதலாகக் கிருமியைக் கொல்கிறது.

ஆனால் சமையலறைத் தேன் வேண்டாம். அதைச் சூடாக்கியிருந்தால் நொதி கெட்டிருக்கும். தேனில் இருக்கக்கூடிய குளோஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துகளோ (கடினமான உறை கொண்ட அதன் உறங்கு நிலை) அந்தச் சூட்டுக்குச் சாகாது. காயத்துக்கென்றே விற்கும் மருத்துவத் தேனைப் பயன்படுத்துங்கள்; அதைக் காமா கதிரால் சுத்திகரிக்கிறார்கள். வித்து சாகும், நொதி பிழைக்கும்.

சரி, எப்படிப் போடுவது? சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, சலைன் நீரால் (மருந்துக்கடை உப்பு நீர்) கழுவி, மருத்துவத் தேன் தடவிய காஸ் துணியை வைத்துக் கட்டுங்கள். முதல் சில நாட்கள் நீர் அதிகம் கசியும். கட்டைத் தினமும் மாற்ற வேண்டும். கழுத்துக்குக் கூம்புப் பட்டை கட்டாயம். இல்லையென்றால் நம்ம ஆள் ஐந்தே நிமிடத்தில் மொத்தத்தையும் நக்கித் தீர்த்துவிடுவார்! ஆழமான காயம், வேறு நாய் கடித்தது, நாற்றம், புழு என்றால் தேனை மறந்துவிட்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.