மாடிக்குப் போனாலும் கீழ்த்தள ரவுட்டரை விடாத கைபேசி

கேள்வி: எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு ரவுட்டரும், மாடியில் அதனுடன் கேபிளால் இணைத்த அக்சஸ் பாயிண்டும் (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவி) உள்ளன. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். மாடி அறையில் அக்சஸ் பாயிண்ட் கண்ணெதிரே இருந்தும் என் கைபேசி கீழ்த்தள ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருப்பதால் வீடியோ அழைப்பு விட்டு விட்டு வருகிறது. வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. எது எதில் இணைய வேண்டும் என்பதை நானே தீர்மானிக்க முடியாதா?

பதில்: முழுவதுமாக முடியாது, பெருமளவுக்கு முடியும். எந்த அக்சஸ் பாயிண்டுடன் இணைவது, எப்போது அதை விட்டு மாறுவது என்ற முடிவை வைஃபையில் கைபேசிதான் எடுக்கிறது, ரவுட்டர் அல்ல. செல்பேசிக் கோபுரங்களுக்கிடையே அழைப்பை வலையமைப்பே கைமாற்றிவிடுவதால், வைஃபையும் அப்படித்தான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

உங்கள் கைபேசி பிடிவாதம் பிடிப்பதற்கான காரணம், எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாகக் குறிப்பார்கள். பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம். ஐபோன், தான் இணைந்துள்ள சிக்னல் -70ஐத் தாண்டிக் கீழே இறங்கும் வரை வேறொன்றைத் தேடத் தொடங்காது என்றும், தேடிய பிறகும், தரவு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், புதியது குறைந்தது 8 டெசிபலாவது மேலாக இருந்தால்தான் மாறும் என்றும் ஆப்பிள் நிறுவனமே தெரிவித்திருக்கிறது. மற்ற கைபேசிகளின் வரம்புகள் வேறாக இருக்கலாம், போக்கு இதுதான். மாடி அறையில் கீழ்த்தள ரவுட்டர் -66 ஆகவும் அங்குள்ள அக்சஸ் பாயிண்ட் -42 ஆகவும் தெரிவதாக வைத்துக்கொள்வோம். கைபேசி -66ஐ மட்டும் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்று இருந்துவிடுகிறது. பக்கத்தில் -42 இருப்பதை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வைஃபையை அணைத்துப் போடும்போதுதான் எல்லாவற்றையும் புதிதாகத் தேடி, வலுவானதில் போய்ச் சேருகிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, கீழ்த்தள ரவுட்டரின் அலைபரப்புத் திறனைக் குறைப்பது. சிக்னல் போதவில்லை என்று எழுதியவரிடம் குறைக்கச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பலன் அரைகுறையாகவே இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. 6 டெசிபல் குறைத்தால் திறன் கால்பங்காகிறது. மாடியில் -66 ஆக இருந்தது -72 ஆகி, கைபேசி தேடத் தொடங்கிவிடும். ரவுட்டருக்கு அருகில் இருப்பவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. பொதுவாகக் கைபேசியின் அலைபரப்பு ரவுட்டரைவிட வலிமை குறைந்தது என்பதால், தொலைவில் ரவுட்டர் சொல்வது கைபேசிக்குக் கேட்டாலும் கைபேசி சொல்வது ரவுட்டருக்குச் சரியாக எட்டாது. கைபேசியில் கோடுகள் நிறையத் தெரிந்தும் அழைப்பு தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை எளிதில் ஊடுருவுவதால் அதை 5 கிகாஹெர்ட்ஸைவிடக் கூடுதலாகக் குறையுங்கள். 2.4இல் ரவுட்டர், அக்சஸ் பாயிண்ட் இரண்டுக்கும் 1, 6, 11 ஆகியவற்றில் வெவ்வேறு சேனல்களை (அலைவரிசைகளை) கொடுங்கள்.

பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டாம். இரண்டு பெயர் வைத்தால், பழைய இணைப்பு அடியோடு அறுந்துபோகும் வரை பெரும்பாலான கைபேசிகள் மறு பெயருக்குத் தாவுவதில்லை. இரு கருவிகளிலும் 802.11கே, 802.11வி என்ற வசதிகள் இருந்தால் இயக்கிவிடுங்கள். முன்னது அருகிலுள்ள அக்சஸ் பாயிண்டுகளின் பட்டியலைக் கைபேசிக்குத் தருகிறது, பின்னது மாறிக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறது. மாற்றத்தை விரைவுபடுத்தும் 802.11ஆர் நல்லதுதான் என்றாலும், சில பழைய கருவிகள் அதனால் இணையவே மறுக்கும்; அதைத் தனியாக இயக்கிச் சோதியுங்கள். சிக்னல் குறைந்தவுடன் கருவியை வெளியேற்றும் வசதியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியேற்றப்பட்ட கருவி அதே ரவுட்டருக்கே திரும்பி வந்து, மீண்டும் வெளியேற்றப்படுவதும் உண்டு.

கேள்வி: தொலைக்காட்சியும் கேமராவும் இடம் மாறுவதே இல்லை. அவற்றையாவது ஒரே அக்சஸ் பாயிண்டில் கட்டிப்போட முடியுமா?

பதில்: முடியும். தொலைக்காட்சிக்குக் கேபிள் இழுக்க வழியிருந்தால் அதையே செய்துவிடுங்கள். கேமராவுக்கு, அருகிலுள்ள அக்சஸ் பாயிண்டில் மட்டும் இரண்டாவதாக ஒரு பெயரை உருவாக்கி, அந்தப் பெயரை மட்டும் கேமராவுக்குச் சொல்லிக்கொடுங்கள், கேமரா 2.4 மட்டுமே அறிந்ததாக இருந்தால் அந்தப் பெயரை 2.4இல் கொடுக்க மறக்க வேண்டாம். வேண்டாத அக்சஸ் பாயிண்டில், கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைத் தடுத்துவைக்கும் முறையும் இவற்றுக்குப் பொருந்தும். கைபேசிகளுக்கு அது சரிவராது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் கைபேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுவதே வழக்கமாகிவிட்டது.