உரிமைத் தொகையை நகைச்சீட்டில் போடலாமா?

கேள்வி: சங்கரன்கோவிலில் இருக்கிறோம். கணவர் விசைத்தறியில் நெய்கிறார். நான் பஸ்ஸில் போய் ஜவுளிக்கடையில் வேலை பார்த்து வருகிறேன். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 18,000 ரூபாய். எனக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 ரூபாயும் வருகிறது. இரண்டையும் நகைச்சீட்டில் போட்டால் மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்கிறார் நாத்தனார். அடகுக் கடையில் ஒரு செயின் 40,000 ரூபாய்க்கு இருக்கிறது, இரண்டு வட்டி. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாகச் சொன்ன செயினைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24. உங்கள் 40,000 ரூபாய்க்கு மாதா மாதம் 800 ரூபாய் வட்டி ஏறுகிறது. அரசு தரும் 1,000 ரூபாயில் 800 அடகுக் கடைக்குப் போனது போலத்தான். பழைய தங்கம் 24 சதவீத வட்டியில் கிடக்கும்போது புதுத் தங்கத்துக்குச் சீட்டு கட்ட வேண்டாம். அதோடு, நகைச்சீட்டு முடிந்ததும் பெரும்பாலும் நகையாகத்தான் வாங்க முடியும். சில கடைகள் சேதாரத்தில் சலுகை தந்தாலும் ஜிஎஸ்டி 3 சதவீதம் உண்டு. கடை மூடிப்போனால் வங்கி டெபாசிட்டுக்கு இருப்பது போல 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் கிடையாது.

அந்தச் செயினை வங்கிக்கோ உங்கள் பகுதி கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ மாற்றுங்கள். வட்டி வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய் கட்டினால் சுமார் 4 வருடத்தில் கடன் தீரும். இப்போது இருக்கும் வட்டியில் அதே 1,000 ரூபாயைக் கட்டினால் ஏழு வருடம் கிட்டே ஆகும். மாற்றுவதற்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய் கையில் வேண்டும். அண்ணன் தம்பியிடம் காலையில் வாங்கி, செயினை மீட்டு, வங்கியில் வைத்து, சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடலாம். வங்கி எவ்வளவு தரும், அசலை மாதா மாதம் கொஞ்சமாகக் கட்டலாமா என்று போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு பணம் இருக்கிறது. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நீங்கள் போய்வருவது அந்த பஸ் என்றால், ஒரு வழிக்கு 10 ரூபாய் வைத்தாலும் 26 நாளுக்கு 520 ரூபாய் மிச்சம். இது கணக்கில் வராமல் பால், காய்கறி என்று கரைந்துவிடும். வேலைக்குப் போகும் நாளெல்லாம் 20 ரூபாயை ஒரு டப்பாவில் போட்டு வாருங்கள். இதையும் சேர்த்து மாதம் 1,500 ரூபாய் கட்டினால் இரண்டரை வருடத்தில் செயின் வீட்டுக்கு வந்துவிடும்.

மகளின் 1,000 ரூபாயை மட்டும் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் திட்டத்தின் பழைய வடிவம் உங்களுக்கு நினைவிருக்கும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் கொடுத்துவந்தது. அதைத்தான் அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் உயர்கல்விக்கு என்று மாற்றி, 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் என்று தொடங்கினார்கள். என் பார்வையில் இது சமீப காலத்தில் நடந்த மிக நல்ல மாற்றங்களில் ஒன்று. தாலியில் இருந்து படிப்புக்கு வந்த பணத்தை நாம் திரும்பவும் தாலிக்கே கொண்டுபோக வேண்டுமா? தேர்வுக் கட்டணம், டைப்ரைட்டிங், டேலி, போட்டித் தேர்வுப் புத்தகம் என்று அவளே செலவு செய்யட்டும். படிப்பு முடிந்ததும் அந்தப் பணம் நின்றுவிடும். அதற்குள் அவள் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும்.

உங்கள் உரிமைத் தொகையும் அப்படித்தான். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம் அது. குடும்ப வருமானம் வருடம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் அதற்கு உண்டு. நாளைக்கு வருமானம் கூடலாம், விதி மாறலாம். அதனால் இதை நம்பி பிரிட்ஜ், வண்டி என்று புதிதாகத் தவணை எதுவும் எடுக்காதீர்கள்.

அப்புறம், பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பாருங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று 100, 200 பிடித்திருந்தால், இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கணவருக்கு 50 வயதுக்குள் என்றால் வங்கியிலேயே வருடம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

செயின் மீண்ட அடுத்த மாதமே அஞ்சலகத்தில் உங்கள் பெயரில் ஆர்.டி. தொடங்குங்கள். 6.7 சதவீத வட்டியில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால் 5 வருடத்தில் 71,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கும். அடகுக் கடைக்குப் போகும் அன்று பழைய ரசீதை மறக்காமல் எடுத்துப் போங்கள். அதில் எழுதியிருக்கும் எடையைச் சொல்லி, கண் முன்னே தராசில் வைக்கச் சொல்லிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.