பாலக்காட்டுப் பக்கம் நிலநடுக்கம் வந்தால், நின்ற பிறகு வீட்டில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

சுவரில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் எல்லோரும் ஓடுவார்கள். அதைவிட அவசரமானவை அடுப்படியும் கிணறும்.

இங்கே வருவது பெரும்பாலும் சின்ன அதிர்வுதான். 2024 ஜூன் 15 காலை திருச்சூர், பாலக்காடு மாவட்டங்களில் உணரப்பட்டதன் அளவு 3.0. மறுநாள் விடிவதற்குள் இன்னொன்று வந்தது. ஆனால் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் வட்டாரத்தைக் குலுக்கியது ஏறக்குறைய 6. பாலக்காட்டின் எல்லையூர்களான வாளையாறும் கொழிஞ்சாம்பாறையும் கோயம்புத்தூருக்கு அடுத்த வீடு மாதிரி. ஆகவே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஆட்டம் நின்றதும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் ஓட்டுத்துண்டும் கண்ணாடியும் கிடக்கும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரில் மூடியை மாட்டுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். ஜன்னலை மட்டும் திறந்தால் போகாது, வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவு உதவி எண்ணான 1906-க்கு அழையுங்கள். வாடை இல்லையென்றால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடலாம். தெருவில் மின்கம்பி அறுந்து கிடந்தால் கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.க்கு 1912-இல் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். குலுங்குவதற்கு முன் மேல்தொட்டியில் ஏற்றிய தண்ணீர்தான் உங்கள் கையிருப்பு. தொட்டியும் குழாயும் ஒழுகாமல் இருந்தால் அதைக் குடிக்க, சமைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடனே மோட்டாரைப் போட்டு, கலங்கிய கிணற்று நீரை அதோடு கலந்துவிடாதீர்கள். சேறு ஏறினால் மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் அடைக்கும், குழாயின் அடி முனையில் உள்ள ஃபுட் வால்வு சரியாக மூடாது.

கிணறு தெளிந்துவிட்டாலும் நம்பக்கூடாது. செப்டிக் டேங்க் குழாயின் இணைப்பு விட்டிருந்தால் கழிவு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வரும்; கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தெளிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் போடுங்கள். கலங்கலாக இருக்கும்போது போட்டால் குளோரினைச் சேறே தின்றுவிடும்.

கணக்கு இதுதான்: கிணற்றின் விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம், எல்லாம் மீட்டரில், அதை 785-ஆல் பெருக்கினால் லிட்டர். விட்டம் 2.5, ஆழம் 3 என்றால் சுமார் 14,700 லிட்டர். வழக்கமாக 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். கழிவு கலந்திருக்குமோ என்று சந்தேகம் இருப்பதால் 5 கிராம், அதாவது இந்தக் கிணற்றுக்கு 75 கிராம். பொட்டலம் பிரித்து நாளான பவுடரில் வீரியம் இருக்காது, புதிதாக வாங்குங்கள். பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, முக்கால் பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். தெளிவை மட்டும் வேறு பக்கெட்டில் வடித்து, கயிறு கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகிவிடும். ஒரு மணி நேரமாவது இறைக்காமல் விடுங்கள். அதற்குப் பிறகும், தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்து முடிவு வரும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இனி விரிசல். பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடினால் பயமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவது, பெருக்கல் குறிபோல் குறுக்கே வெட்டுவது, சுவரும் வார்ப்பும் (கான்கிரீட் கூரையும்) பிரிந்து நிற்பது ஆகியவைதான் ஆபத்து. தூணில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தால் பொறியாளர் வந்து பார்க்கும்வரை உள்ளே போகவே கூடாது. சந்தேகமானவற்றின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்; கோட்டைத் தாண்டினால் வளர்கிறது என்று பொருள்.

மழைக்காலத்தில் எல்லோரும் இறவாரத்தில் ஒதுங்குவார்கள். ஓட்டு வீட்டில் அதுதான் மோசமான இடம், நழுவிய ஓடு அங்கேதான் விழும். பின்னதிர்வுகள் முதல் நாளில்தான் அடிக்கடி வரும். முதல் அதிர்வைவிடச் சிறியவையாக இருந்தாலும், ஏற்கெனவே தளர்ந்த சுவரைத் தள்ள அது போதும். இரவு வெளியே படுப்பதானால், காம்பவுண்ட் சுவரின் உயரத்தைவிடக் கூடுதல் தூரம் தள்ளிக் கட்டிலைப் போடுங்கள்.