அப்பாவின் படிவத்தில் யாருடைய டிக்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. அரசுப் பேருந்தில் 32 வருடம் நடத்துநராக இருந்தவர். சர்க்கரையால் இரண்டு சிறுநீரகமும் போய், ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான்தான் லீவு போட்டு அழைத்துப் போகிறேன். செலவிலும் குறை வைக்கவில்லை. கொஞ்ச நாளாக 'இன்னிக்கு வேண்டாம்' என்று அடம்பிடிக்கிறார். போன மாதம் ஆஸ்பத்திரியில் வாழ்க்கைத் தரம் பற்றி 36 கேள்விகள் உள்ள படிவம் கொடுத்தார்கள். அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் மெஷினில் இருக்கும்போது நானே வெளியில் உட்கார்ந்து டிக் அடித்துக் கொடுத்தேன். மதிப்பெண் நன்றாகவே வந்திருக்கிறது. பிறகு ஏன் இப்படி? அவருக்கு எப்படிப் புத்தி சொல்வது?
- ஒரு மகன், விருதுநகர்

பதில்: தம்பி, புத்தி சொல்வது இருக்கட்டும். 'நானே வெளியில் உட்கார்ந்து டிக் அடித்தேன்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஊசி குத்திய கையை அசைக்காமல் நாலு மணி நேரம் அவர் படுத்திருக்கிறார். வாய் பேசும், காது கேட்கும். கண் தெரியாதவருக்குப் படித்துக் காட்டத்தானே பிள்ளை? கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவருடைய வலியை நீங்கள் எப்படி எழுதினீர்கள்? அந்த மதிப்பெண் உங்களுடையது. அவருக்கு இன்னும் யாரும் மதிப்பெண் போடவில்லை.

அந்தப் படிவம் எதற்கு என்று யாராவது சொன்னார்களா? யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் எல்லாம் ரத்தம் சொல்லிவிடும். ராத்திரி முழுக்க உடம்பு அரிப்பதை ரத்தம் சொல்லாது. கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, சாப்பாட்டைக் கண்டால் குமட்டுவது, பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடப்பது, இதையெல்லாம் அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். சொன்னால் வழி உண்டு. அரிப்புக்கு மருந்து இருக்கிறது, அதைக் கூட்டுகிற பாஸ்பரஸை ரத்தத்தில் குறைக்கலாம். நீரை ரொம்ப வேகமாக எடுப்பதால் கால் இழுத்தால் நீர் எடுத்த பின் இருக்க வேண்டிய எடையையும் டயாலிசிஸ் நேரத்தையும் மாற்றிப் பார்ப்பார்கள். நீங்கள் 'தொந்தரவு இல்லை' என்று டிக் அடித்துவிட்டால் டாக்டர் எதைப் பார்த்து மாற்றுவார்?

நீங்கள் சொல்லும் படிவம் வழக்கமாகக் கொடுக்கிற அந்த 36 கேள்விப் படிவம் என்றால், 16-ஆவது இடத்தில் 'குடும்பத்துக்கு நான் பாரமாக இருப்பதாக உணர்கிறேன்' என்று இருக்கும். அதற்கு என்ன போட்டீர்கள்? 'சுத்தமாகத் தவறு' என்றுதானே? அதை எழுத மகனுக்கு எந்த உரிமையும் இல்லை. உங்களுக்கு அவர் பாரமில்லை, நம்புகிறேன். அவருக்கு எப்படித் தோன்றுகிறது என்பதுதான் கேள்வி. வெளியூர் போகமுடியாத வருத்தத்தைக் கேட்கும் கேள்வியும் அதில் உண்டு. 32 வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றவர் இன்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் எங்கும் தங்க முடியாது. அதற்கும் நீங்களே பதில் போட்டுவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். லீவு இருக்கிறது, செலவு இருக்கிறது. அப்பா பேசியதாக இருப்பது இரண்டே சொல்: 'இன்னிக்கு வேண்டாம்'. இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாம் செய்தோம் என்று பட்டியல் போடுவார்கள், கேட்டோம் என்று ஒருவரும் எழுதுவதில்லை. பெற்றவரைக் கொண்டுபோய் விடுவது பாதிக் கடமைதான் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது மீதிப் பாதி. அதற்குப் பணமும் வேண்டாம், லீவும் வேண்டாம், ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறீர்கள்.

டயாலிசிஸைத் தள்ளிப்போட விடாதீர்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறினால் இதயமே நிற்கலாம். அவர் வேண்டாம் என்பதை அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசிக்குப் பயமா, போக்குவரத்துக் களைப்பா, மனச்சோர்வா என்று அவர்கள் பார்க்கட்டும். வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸ் அவருக்கு ஒத்துவருமா என்றும் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

அடுத்த முறை நர்ஸிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிப் புதுப் படிவம் வாங்குங்கள். தாம்பத்தியம் பற்றியும் ஒரு கேள்வி வரும். அதை நீங்கள் படிக்காதீர்கள், அவர் வயதுக்கார ஆண் ஊழியர் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். மற்றதை மெஷின் ஓடத் தொடங்கியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படியுங்கள். அம்மா பக்கத்தில் வேண்டாம், அவர் முன்னால் உண்மை வராது. 16-ஆவது கேள்விக்கு அப்பா 'ஆமா' என்றால், 'அப்படிச் சொல்லாதீங்கப்பா' என்று குறுக்கே விழாமல், அவர் சொன்ன கட்டத்திலேயே டிக் போடுங்கள்.