ஒன்பது பேரும் யாருன்னு எழுதி வைங்க

போன இதழ்ல இந்தோனேசியாவோட ஜாவா தீவு அரண்மனை ஆட்டத்த பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், இந்த மாசம் வந்த கேள்வில பாதி அதப் பத்தியே இருக்கு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு, கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: யூடியூப்ல யோக்யகார்த்தா அரண்மனை ஆட்டம் பாத்தேன் சார். ஒன்பது பொண்ணுங்க ஒரே மாதிரி ட்ரெஸ்ல ரொம்ப நிதானமா ஆடுறாங்க. இவ்ளோ க்ளியரா வீடியோ இருக்கும்போது இன்னும் 'ஆவணப்படுத்தணும்'னு ஏன் சொல்றாங்க?
— பரதம் படிக்கும் வாசகி, லாஸ்பேட்டை

பதில்: நீங்க பாத்தது பெடாயா. நாலு பேர் ஆடினா அது ஸ்ரிம்பி. சரி, அந்த ஒன்பது பேர்ல கதையோட நாயகன் யாரு, நாயகி யாருன்னு உங்களால கண்டுபிடிக்க முடிஞ்சுதா? முடியாது, ஏன்னா முகத்துல பாவமே காட்ட மாட்டாங்க, ட்ரெஸ்ஸும் ஒண்ணு, அசைவும் முக்கால்வாசி ஒண்ணு. ஆனா ஆடுறவங்களுக்கு தெரியும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பேர் இருக்கு. பாட்டாக்னா தலை, குலுன்னா கழுத்து, டடான்னா நெஞ்சு, இப்படி ஒரு முழு உடம்ப ஒன்பது பேருக்கு பிரிச்சு குடுத்திருக்காங்க, அதுல பாட்டாக்கும் எண்டெல்னு இன்னொரு இடமும் தான் பெரும்பாலும் கதைய தூக்கிட்டு போறது, மத்தவங்க அணிவகுப்பு மாறி மாறி அதுக்கு இடம் விடுவாங்க. வீடியோல ஒன்பது பேர் நகர்றது தெரியும், எந்த இடம் எங்கேர்ந்து எங்க போச்சுன்னு யாராவது பக்கத்துல உக்காந்து எழுதி வச்சா தான் நாளைக்கு இன்னொரு செட் பொண்ணுங்க அத ஆட முடியும்.

இன்னொண்ணு, அந்த வீடியோல டொக் டொக்குனு ஒரு மரச்சத்தம் கேட்டிருக்கும். அது கெப்ராக். நம்ம நட்டுவாங்கத்துல தட்டுற தட்டு மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா தாளத்த கூடவே புடிச்சிட்டு போறது அதோட வேல இல்ல, அடுத்தது மாறப் போறோம்னு ஆடுறவங்களுக்கும் வாசிக்கிறவங்களுக்கும் சிக்னல் குடுக்குறது. எந்த தட்டுக்கு என்ன அர்த்தம்னு தட்டுறவர உக்கார வச்சு கேட்டா தான் தெரியும். பாடுற வரிகள தனி ஏட்டுல எழுதி வச்சிருக்காங்க, இசைக்கு நம்பர் போட்டு எழுதுற முறை 19ம் நூற்றாண்டு கடைசிலயே சோலோ பக்கம் (சுரகார்த்தா ஊரோட இன்னொரு பேரு) வந்துடுச்சு. கஷ்டம் உடம்புக்கு தான். கை எங்க முடியணும்னு எழுதிடலாம், தோள்ல தொங்குற சம்பூர் துணிய சுண்டி விடறதுக்கு முன்னாடி மணிக்கட்டு எவ்ளோ நேரம் சும்மா நிக்கணும்னு எப்படி எழுதுவீங்க? அத டீச்சர் கையப் புடிச்சு திருத்துறாங்கல்ல, அந்த ரிகர்சல தான் கேமரா புடிக்கணும். அரங்கேற்றத்த எல்லாரும் எடுக்கறாங்க, ரிகர்சல யாரும் எடுக்கறதில்ல. இது ஜாவாவுக்கு மட்டும் சொல்லல.

கேள்வி: இத முதல்ல பதிவு பண்ணது வெள்ளக்காரங்களா, அவங்களேவா?
— மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: அவங்களே. 1755ல ஒப்பந்தம் போட்டு மாத்தராம் ராஜ்ஜியத்த யோக்யகார்த்தா, சுரகார்த்தான்னு ரெண்டா பிரிச்சாங்க, அப்போலேர்ந்து ரெண்டு அரண்மனையும் போட்டி போட்டுட்டு ஆட்டத்த வளத்தாங்க, ஏடும் எழுதினாங்க. ஆனா 1812 ஜூன்ல பிரிட்டிஷ் படை யோக்யகார்த்தா அரண்மனைக்குள்ள புகுந்து நூலகத்தையே அள்ளிட்டு போயிடுச்சு. அப்படி ஏடு சேத்தவங்கள்ல காலின் மெக்கன்சியும் ஒருத்தர், ஆமாங்க, நம்ம ஊர்ல சுவடியெல்லாம் சேத்தாரே, அந்த மெக்கன்சியே தான். இப்போ அந்த அரண்மனைல இருக்கிற ஏடுங்க பெரும்பாலும் அதுக்கப்புறம் எழுதினது. லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இருந்த 75 ஏடுகள ஸ்கேன் பண்ணி 2019ல சுல்தான்கிட்ட டிஜிட்டல் காப்பி குடுத்தாங்க. காப்பி தான், ஒரிஜினல் இல்ல. 200 வருஷம் கழிச்சு காப்பி குடுக்கறத பெருமையா சொல்றதா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

போட்டோன்னா காசியன் செபாஸ். ஜாவாக்காரர், அரண்மனை போட்டோகிராபர், 1912ல இறந்தார். 1888ல வந்த ஒரு டச்சு புத்தகத்துல அவர் எடுத்த அரண்மனை ஆட்டப் படங்கள் இருக்கு. 1938ல ஸ்வீடன்காரர் ரோல்ஃப் டி மாரேயும், யோக்யகார்த்தாலயே ஆட்டம் கத்துக்கிட்ட க்ளேர் ஹோல்ட்டும் தீவு தீவா போய் பிலிம் எடுத்தாங்க. ஆட கத்துக்கிட்டவங்க எடுத்தா எங்க பாக்கணும்னு அவங்களுக்கு தெரியும், வெறும் கேமராமேனுக்கு அது தெரியாது.

கேள்வி: அரண்மனைக்குள்ள ரகசியமா இருந்தத வெளிய எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது சரியா?
— நெல்லிக்குப்பம் வாசகி

பதில்: சரின்னு தான் எனக்கு படுது, அதுவும் சொல்லிக் குடுத்ததே அரண்மனை ஆளுங்க. 1918ல யோக்யகார்த்தா இளவரசர்கள் ரெண்டு பேர் கிருட பெக்ஸா விராமானு ஒரு பள்ளி ஆரம்பிச்சு அரண்மனை மதிலுக்கு வெளிய கத்துக் குடுத்தாங்க. ராஜா கைல காசு இருந்தா ஆட்டம் நெலைக்கும், இல்லன்னா போயிடும்ங்கிற நெலம அதோட மாற ஆரம்பிச்சுது. ஆனா எல்லாத்தையும் தொறந்து விடல. சோலோல பெடாயா கெட்டவாங்னு ஒண்ணு இருக்கு, ஜாவாக்காரங்க நம்புற தெற்குக் கடல் ராணிங்கிற தேவதைக்கும் ராஜாவுக்கும் நடுவுல இருக்கற உறவ சொல்ற ஆட்டம், ராஜா பட்டமேறுறப்பவும் வருஷா வருஷம் அந்த நாள் வர்றப்பவும் தான் ஆடுவாங்க. அவங்க கேலண்டர்ல நம்ம ஏழு நாள் வாரத்தோட அஞ்சு நாள் வாரம் ஒண்ணும் சேந்து ஓடும், அதுல க்ளிவோன்ங்கிற நாளும் செவ்வாக்கிழமையும் ஒண்ணா வர்றது 35 நாளுக்கு ஒரு தடவ, அன்னிக்கு தான் ரிகர்சல். இத யாராவது என்கிட்ட வந்து முழுசா ஷூட் பண்ணி நெட்ல போடலாமான்னு கேட்டா முதல்ல அவங்ககிட்ட கேளுங்கன்னு தான் சொல்லுவேன். பாதுகாக்கறதும் எல்லாருக்கும் காட்டறதும் ஒண்ணு இல்ல.

கேள்வி: நடராஜர் கோயில் கோபுரத்துல இருக்குற கரணம் ஜாவாலயும் இருக்காமே?
— சிதம்பரம் வாசகர்

பதில்: கரணம்னா நாட்டிய சாஸ்திரத்துல சொல்ற ஆட்ட அசைவு. ஜாவால பிரம்பனான்ங்கிற இடத்துல, 9ம் நூற்றாண்டு சிவன் கோயில்ல ஆடுற சிற்பங்கள் வரிசையா இருக்கு, நாட்டிய சாஸ்திரத்த வச்சு அத படிக்கறாங்க. ஆனா உங்க ஊர் கிழக்கு கோபுரத்துல சிற்பத்தோடவே ஸ்லோகத்தையும் வெட்டி வச்சிருக்கான், இது இன்ன கரணம்னு படிச்சுக்கலாம். பிரம்பனான்ல அப்படி எதுவும் இல்ல, அதனால எது எந்த கரணம்னு இன்னிக்கும் வாதம் பண்ணலாம். பக்கத்துல பேர் எழுதினவன் புத்திசாலி. அப்புறம், இன்னிக்கு ஆடுற பெடாயா அந்த சிற்பத்துலேர்ந்து நேரா எறங்கி வந்ததுன்னு வாட்ஸ்அப்ல வந்தா நம்பாதீங்க, நடுவுல பல நூறு வருஷம் இருக்கு.

கேள்வி: எங்க மாமா கூத்து வாத்தியார், வயசாயிடுச்சு. என்கிட்ட போன் மட்டும் தான் இருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?
— வில்லியனூர் வாசகர்

பதில்: இன்னிக்கே ஆரம்பிங்க. போன ஸ்டாண்ட்ல வச்சு அசைக்காதீங்க, ஜூம் வேணாம், காலு கண்டிப்பா தெரியணும். ராத்திரி கூத்து அப்புறம், முதல்ல அவர் யாருக்காவது அடவு சொல்லிக் குடுக்கும்போது எடுங்க, பையன் தப்பு பண்ணி அவர் திட்டுறத வெட்டிடாதீங்க, விஷயமே அதுல தான் இருக்கு. ஒவ்வொரு பைலுக்கும் தேதி, ஊர், எந்த கூத்துல எந்த இடம், ஆடுறது யாரு, அடிக்கிறது யாரு, அவர் யார்கிட்ட கத்துக்கிட்டாருன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. எத வெளிய போடலாம் எத போடக்கூடாதுன்னு மாமாவ கேட்டு அதையும் அதே நோட்டுல எழுதிடுங்க.

காப்பி கொறஞ்சது மூணு வைங்க, ஒண்ணு வேற ஊர்ல. 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்போ நம்ம பக்கம் எத்தன வீட்ல பழைய ஆல்பமெல்லாம் ஊறிப் போச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். புதுச்சேரி பிரெஞ்ச் இன்ஸ்டிட்யூட்ல 1950கள்லேர்ந்து கோயில் போட்டோ எடுத்து சேத்திருக்காங்க, முடிஞ்சா ஒரு நாள் போய் அதுக்கு எப்படி விவரம் எழுதி அடுக்கிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க.

கேள்வி: ஜாவா ஆட்டத்த பத்தி யாருக்கும் தெரியாத சுவாரசியம் ஒண்ணு?
— திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: யாருக்கும் தெரியாததுன்னு இல்ல, ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது. 1937ல நெதர்லாந்து இளவரசி ஜூலியானா கல்யாணத்துக்கு சோலோவோட மங்குநகரன் அரண்மனைலேர்ந்து குஸ்தி நுருல்னு டீன் ஏஜ் இளவரசி போய் ஆடினாங்க. கமெலான்ங்கிற ஜாவா வாத்தியக் குழு கூட போகல, சோலோலயே வாசிச்சு ரேடியோல அனுப்பினாங்க, அந்தம்மா ஹேக்ல அதக் கேட்டு ஆடினாங்க. ஆடுறவங்கள பாக்காமலே சோலோல வாசிச்சிருக்காங்க. பாதில ரேடியோ கொரகொரன்னு போயிருந்தா என்ன பண்ணிருப்பாங்கன்னு தான் நான் அடிக்கடி யோசிப்பேன்.

கேள்வி: நேர்ல போனா எதுல கவனமா இருக்கணும்?
— முதலியார்பேட்டை வாசகி

பதில்: வாத்தியத்த தாண்டி கால் வைக்காதீங்க, சுத்தி போங்க. பிளாஷ் போடாதீங்க.