எக்கோவில் 31.2, செல்போனில் 29.4: மெஷின் பழுதா?

கேள்வி: எங்கள் ஃபைபர் படகுக்குப் புதிதாக எக்கோ சவுண்டர் வாங்கினோம். ஆழம், ஜி.பி.எஸ்., தண்ணீர்ச் சூடு எல்லாம் ஒரே திரையில் வரும். காற்றே இல்லாத ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு 31.2 டிகிரி காட்டியது. அதே இடத்துக்குச் செல்போன் ஆப்பில் 29.4. கடைக்காரர் "ஆப்தான் தப்பு" என்கிறார். மெஷினைத் திருப்பிக் கொடுக்கலாமா?
– படகு உரிமையாளர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அவசரப்படாதீர்கள். மெஷினும் ஆப்பும் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

"கடல் மேற்பரப்பு வெப்பநிலை" என்ற ஒரே பெயரில் நாலைந்து வெவ்வேறு அளவுகள் புழங்குகின்றன. அகச்சிவப்புக் கதிரைப் பார்க்கும் செயற்கைக்கோள் அளப்பது நீரின் மேல்தோலை மட்டும். அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். தலைமுடி இதைவிடத் தடிப்பு. இதற்கு ஸ்கின் வெப்பநிலை என்று பெயர். காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், இது அடுத்த அடுக்கைவிடப் பெரும்பாலும் 0.2 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். மைக்ரோவேவ் கருவிக்குத் தெரிவது சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துச் சூடு, அதாவது சப்ஸ்கின். அது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். ஆனால் கரையை ஒட்டிய கடலில் உதவாது. உங்கள் சென்சார் இருப்பதோ படகின் பின்பலகையில், தண்ணீருக்குள் ஓரடி ஆழத்தில்.

இதெல்லாம் போக, ஃபவுண்டேஷன் வெப்பநிலை என்று ஒன்று உண்டு. பகல் வெயிலின் பாதிப்பைக் கழித்துவிட்டுச் சொல்லும் அளவு அது. விடிவதற்குச் சற்று முன் இருக்கும் சூடு என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டன் வானிலைத் துறையின் ஓஸ்டியா தினசரி வரைபடம் இந்த வகைதான். உங்கள் ஆப் இப்படிப்பட்ட வரைபடத்திலிருந்து எடுத்திருந்தால் 29.4 நியாயமான எண். காற்றில்லாத மதியத்தில் கடலில் குதித்தவருக்குத் தெரியும்: மேலே வெதுவெதுப்பு, காலடியில் சில்லிப்பு. அப்படிப்பட்ட நாளில் இந்த வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிகூடப் போகும். சோழகம் பலமாக அடித்துத் தண்ணீர் கலங்கினால் காணாமல் போய்விடும்.

மெஷினைச் சோதிக்க ஐஸ் போதும், அதற்கு உங்களிடம் பஞ்சமில்லை. ஒரு பக்கெட்டில் உடைத்த ஐஸைப் போட்டு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரோ மீன்பெட்டி ஐஸோ கூடாது, கணக்குக் கெட்டுவிடும். சென்சாரை முக்கிப் பத்து நிமிடம் கலக்கிக்கொண்டே இருங்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் கருவி நல்லது. அரை டிகிரி தள்ளி நின்றால் செட்டிங்கில் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறதா பாருங்கள். இரண்டு டிகிரி தள்ளினால் பில்லோடு கடைக்குப் போங்கள். ஐஸில் சரியாகக் காட்டிக் கடலில் மட்டும் எகிறினால், எஞ்சினின் சூடான தண்ணீர் வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில் சென்சாரை மாட்டியிருப்பார்கள்.

"தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு செல்லாது" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிய பொருள், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்தில் சேராது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

இன்னொன்று. மீன்பாட்டுக்கு 29-ஆ 31-ஆ என்பதைவிட, சூடு எங்கே சட்டென்று மாறுகிறது என்பதே முக்கியம். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இலவசமாகத் தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பும், இந்த மாற்றக் கோடுகளையும் பச்சையத்தின் அளவையும் வைத்துச் சொல்வதுதான். எப்போதும் ஒரே அளவு தள்ளிக் காட்டும் கருவியோடு தொழில் செய்யலாம். நிமிடத்துக்கு நிமிடம் குதிக்கும் கருவியோடு முடியாது.

கேள்வி: ஆய்வுக்காக வங்காள விரிகுடாவின் "துல்லியமான தினசரி மேற்பரப்பு வெப்பநிலை" என்று ஒருவரிடம் 3,000 ரூபாய் கொடுத்துத் தரவு வாங்கினேன். கோப்பில் எல்லாம் 302.4, 301.8 என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– முதுகலை மாணவி, காலாப்பட்டு, புதுச்சேரி

பதில்: எண்ணில் ஏமாறவில்லை. அது கெல்வின், 273.15-ஐக் கழியுங்கள், 302.4 என்பது 29.25 டிகிரி செல்சியஸ்.

கோப்பின் தலைப்பில் "ஸ்டாண்டர்டு நேம்" என்ற வரியைத் தேடுங்கள். தட்பவெப்பத் தரவுக்கான சி.எஃப். விதிமுறையில் ஸ்கின், சப்ஸ்கின், ஃபவுண்டேஷன் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வெறும் "சீ சர்ஃபேஸ் டெம்பரேச்சர்" என்றிருந்தால் மேற்பரப்பை ஒட்டிய நீர் என்று மட்டுமே பொருள்; ஆழம் எவ்வளவு என்று அந்தப் பெயர் சொல்லாது. ஐந்து மீட்டர் போலக் குறிப்பிட்ட ஆழத்தில் அளந்தது என்றால் "சீ வாட்டர் டெம்பரேச்சர்" என்று பெயரிட்டு, ஆழத்தைத் தனி அச்சாகத் தந்திருக்க வேண்டும். இரண்டு கோப்புகளை ஒரே வரைபடத்தில் போடுவதற்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏமாந்தது விலையில். அமெரிக்காவின் கடல்-வானிலை அமைப்பான நோவா, ஐரோப்பாவின் புவி கண்காணிப்புத் திட்டமான கோப்பர்னிகஸ் இரண்டுமே இத்தகைய தரவை இலவசமாகத் தருகின்றன. விற்றவர் பகல்-இரவு மாற்றம் இருக்கும் என்று எழுத்தில் உறுதி தந்துவிட்டு ஃபவுண்டேஷன் கோப்பைக் கொடுத்திருந்தால், அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பத்திரப்படுத்திக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். இலவசமாகக் கிடைப்பதைத் தேடி எடுத்துத் தந்ததற்குத்தான் காசு வாங்கினார் என்றால், புகார் நிற்காது.